நெஞ்சுல ரெக்கார்டர் இருக்கு, காவடி எடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் தம்பி போன வருஷம் ரெண்டு தடவ திடீர்னு மயங்கி விழுந்தான். ஈசிஜி, 24 மணிநேரம் உடம்புல மாட்டி துடிப்ப பதிவு பண்ற ஹோல்டர் எல்லாம் நார்மல். இப்ப இடது நெஞ்சுல தோலுக்கு அடியில லூப் ரெக்கார்டர் வெச்சிருக்காங்க. தைப்பூசத்துக்கு அலகு குத்தி காவடி எடுக்க நேந்திருக்கான். நெஞ்சுல கொக்கி போடலாமா? மயங்குனா மெஷின் காப்பாத்திரும்ங்கறான், நெஜமா?
- ஒரு அக்கா, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: காப்பாத்தாதும்மா, இத மொதல்ல தம்பிக்கு அழுத்திச் சொல்லுங்க. துடிப்பு நின்னா தூண்டி விடுறது பேஸ்மேக்கர், இது அது இல்ல, இதயத்துக்குள்ள ஒரு வயர்கூட போகல, வெளிய இருந்தே துடிப்ப பதிவு பண்ணிட்டு இருக்கும் அவ்வளவுதான். வருஷத்துக்கு ரெண்டு தடவ வர்ற மயக்கம் 24 மணிநேர ஹோல்டர்ல எப்படி மாட்டும்? அதான் 3 வருஷம், புது மாடல்னா இன்னும் கூடவே உள்ள கிடந்து காத்திருக்குற மாதிரி இத வெக்கிறாங்க.

நெஞ்சுல கொக்கி வேண்டவே வேண்டாம். ஒரு சின்ன விரல் நீளம்கூட இல்லாத கருவி, தோலுக்குக் கீழயே இருக்கு, பக்கத்துல குத்தி சீழ் புடிச்சா கருவியவே வெளிய எடுக்க வேண்டி வரும். முதுகுல, நாக்குல குத்துனாலும் கிருமி ரத்தத்துல கலக்கலாம், அதனால இந்த வருஷம் பால்குடம் எடுக்கட்டும், முருகன் ஏத்துக்குவார்.

பால்குடத்துலயும் எனக்கு ஒரு பயம் இருக்கு. தைப்பூசம் உங்க ஊர்ல நல்ல வெயில் காலத்துல வருது, விரதம் இருந்து தண்ணி சரியா குடிக்காம மணிக்கணக்கா நின்னா நல்லா இருக்குறவங்களுக்கே பிரஷர் இறங்கி தலை சுத்தும். அவன் சாய்ஞ்சா சுத்தி இருக்குறவங்க அருள் வந்திருச்சுன்னு விபூதி பூசி உடுக்கை அடிப்பாங்களே தவிர நாடி பாக்க மாட்டாங்க. நீங்க கூடவே நடங்க. விழுந்தா படுக்க வெச்சு மூச்சு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா உடனே நெஞ்ச அழுத்த ஆரம்பிச்சு ஆம்புலன்ஸ கூப்பிடச் சொல்லுங்க. கண்ணு முழிச்சிட்டா, கருவியோட குடுத்த பட்டன் ரிமோட்ட நெஞ்சு மேல வெச்சு அமுக்குங்க (இப்ப சில மாடலுக்கு ஃபோன் ஆப்), முன்னாடி போன சில நிமிஷத்து துடிப்பையும் சேத்து அது பத்திரப்படுத்தும். நின்னது துடிப்பா, பிரஷர் மட்டும் இறங்குச்சான்னு டாக்டர் அதுல இருந்துதான் பிரிச்சு சொல்லுவார்.

விரதம் எத்தன நாள், மாத்திர எப்ப போடறதுன்னு கார்டியாலஜிஸ்ட்ட இப்பவே கேட்டு வெச்சுக்கங்க, கார் ஓட்டலாமான்னும் சேத்துக் கேளுங்க.