ஒரே வீட்டில் ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி: உங்கள் கேள்விக்குப் பதில்

பள்ளிப் பரிசோதனையில் 9 வயது மகனுக்கு (132 செ.மீ., 34 கிலோ) எடை அதிகம், 6 வயது மகளுக்கு (112 செ.மீ., 15.5 கிலோ) எடை குறைவு என்று எழுதிவிட்டார்கள், மாமியாரோ "பையன் புஷ்டியாத்தானே இருக்கான்" என்கிறார் என்று கேட்டிருந்தீர்கள்.

சீட்டு சொல்வது சரிதான் சகோதரி. பையனின் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 19.5. அந்த வயதுப் பையன்களுக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணையில் 17.9-ஐத் தாண்டினாலே எடை கூடுதல், 20.5-ஐத் தாண்டினால் உடல் பருமன். பெரியவர்களுக்கான 25 என்ற கணக்கைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அதற்காகப் பட்டினி போட வேண்டாம். எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை, ஏறாமல் பார்த்தால் போதும். அடுத்த வருடம் 137 செ.மீ. வளர்ந்து அதே 34 கிலோவில் நின்றால் பிஎம்ஐ சுமார் 18.1, பத்து வயதுக்கு அது இயல்பு. மாலையில் பிஸ்கட், குளிர்பானத்துக்குப் பதில் சுண்டல், மோர். அப்புறம் தெருவில் விளையாட்டு.

எனக்குக் கவலை பாப்பாவைப் பற்றித்தான். அவளுக்கு பிஎம்ஐ 12.4, 12.7-க்குக் கீழே போனாலே எடைக்குறைவு. குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி ரத்தசோகை, பூச்சித் தொல்லை பாருங்கள். தினம் முட்டை, கடலை உருண்டை கொடுக்கலாம்.

மாமியார் காலத்தில் பயமெல்லாம் மெலிவைப் பற்றித்தான். யுனிசெஃப் 2025 அறிக்கைப்படி, உலக அளவில் 5–19 வயதினரில் எடைக்குறைவு 2000-இல் கிட்டத்தட்ட 13 சதவீதம், இப்போது 9.2. பருமனோ 3-லிருந்து 9.4 ஆகிவிட்டது. தெற்காசியாவிலும் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் மட்டும் பருமனான பிள்ளைகளைவிட ஒல்லிப் பிள்ளைகள் இன்னும் அதிகம், அதனால் அவரையும் குறை சொல்ல முடியாது.