மாட்டு டாக்டருக்குத் தனிச் சங்கமா?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்துப் பண்ணைகளைப் பற்றி எழுதும்போது, மாட்டு டாக்டர்களுக்கென்றே அங்கே தனியாக ஒரு சங்கம் இருப்பதாகப் போகிற போக்கில் சொன்னீர்கள். கால்நடை மருத்துவர்களுக்குப் பொதுச் சங்கம் இருக்கும்போது மாட்டுக்கு மட்டும் எதற்கு? சம்பள உயர்வு கேட்கவா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

சம்பளத்துக்கு இல்லை. (கேட்டாலும் தப்பில்லை என்பது வேறு விஷயம்.) 1967இல் தொடங்கிய பிரிட்டிஷ் கேட்டில் வெட்டர்னரி அசோசியேஷன், நீங்கள் சொல்லும் பொதுச் சங்கத்தோடு சேர்ந்த பிரிவுதான். ஆண்டுக்கொரு மாநாடு, ‘கேட்டில் பிராக்டிஸ்’ என்ற ஆய்விதழ், பயிற்சி வகுப்புகள் என்று நடத்துகிறார்கள். இதையெல்லாம் சொன்னாலும் உங்கள் ‘எதற்கு’ அப்படியே நிற்கும். அதனால் அங்கே மாடுகளுக்குச் செய்யும் காசநோய்ப் பரிசோதனையைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் இரண்டு இடத்தில் மயிரைக் கத்தரித்து, தோலின் தடிமனை அளந்து, தோலுக்குள் ஊசி போடுகிறார் டாக்டர். கீழே போடுவது மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின். மேலே போடுவது பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்தது. சொந்தக்காரக் கிருமிகளுக்கும் தோல் வீங்கிக் காட்டும் என்பதால், அதைக் கழித்துப் பார்க்க. மூன்று நாள் கழித்து மறுபடி போய் அளக்கிறார். கீழ் வீக்கம் மேல் வீக்கத்தைவிட 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் அந்த மாடு வெட்டுக்குப் போகும். பெரும்பாலும் அது நன்றாகத் தின்று, பால் கறந்துகொண்டிருக்கும் மாடுதான். பண்ணைக்காரர் பக்கத்திலேயே நின்று, தடிமன் அளக்கும் காலிப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இழப்பீடு உண்டு, ஆனால் மந்தையிலிருந்து மற்ற மாடுகளை வெளியே விற்கவும் கட்டுப்பாடு வந்துவிடும். அப்புறம் ஒரு நாள் ராத்திரி, அதே பண்ணையில் கன்று போட முடியாமல் ஒரு மாடு தவிக்கிறதென்று அழைப்பு வந்தால், இதே டாக்டர்தான் போய் நிற்க வேண்டும்.

2001இல் அங்கே கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். அப்போதும் தொழுவத்தில் நின்றவர்கள் இவர்கள்தான்.

நாய், பூனை பார்க்கிறவருக்குப் பக்கத்து அறையில் இன்னொரு டாக்டர் இருப்பார். மாட்டு டாக்டருக்குக் காரும் சேறும்தான் துணை. அதனால் அந்த மாநாட்டில் உரைகளைவிடத் தேநீர் இடைவேளைதான் முக்கியமாக இருக்கும் என்பது என் ஊகம். 4 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரா என்று விரலுக்கு வந்த சந்தேகத்தைப் பொதுச் சங்கத்திலும் சொல்லலாம்தான். பூனை டாக்டர் மரியாதையாகத் தலையாட்டுவார்.