கன்றுக் கழிச்சல்: இனம் காரணமா, வளர்ப்பு காரணமா?

கேள்வி: உசிலம்பட்டி அருகே ஜெர்சி கலப்பினப் பசுக்களோடு புலிக்குளம் மாடுகளும் வைத்திருக்கிறேன். பிறந்து பத்து நாளான மூன்று கலப்பினக் கன்றுகள் மஞ்சளாகக் கழிந்தன, ஒன்று இறந்துவிட்டது. சாணப் பரிசோதனையில் கொரோனா வைரஸ் என்றார்கள். அதே தொழுவத்தில் நின்ற இரண்டு புலிக்குளம் கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது மனிதருக்கு வந்த கொரோனாவா? நாட்டு மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி பிறவியிலேயே உண்டு என்றால் கலப்பினத்தை விற்றுவிடலாமா?

பதில்: விற்கும் முடிவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கன்றின் குடலைத் தாக்கும் மாட்டுக் கொரோனா வேறு, கோவிட் வைரஸ் வேறு. ஜெர்மனியில் 2020-இல் ஆறு மாடுகளுக்குக் கோவிட் வைரஸைச் செலுத்திச் சோதித்தபோது இரண்டுக்கு மட்டுமே தொற்றியது. உடன் நின்ற மாடுகளுக்குப் பரவவில்லை.

பிறவி எதிர்ப்பு என்ற உங்கள் ஐயம் அடிப்படையற்றது அன்று. வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய அதன் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பியின் அமைப்பை மரபணு தீர்மானிப்பதால், விலங்குக்கு விலங்கு தொற்றும் தன்மை மாறுபடுகிறது. அமெரிக்காவில் அத்தகைய ஒரு மரபணுவை முடக்கி உருவாக்கிய பன்றிகளை, குடலைத் தாக்கும் ஒரு பன்றிக் கொரோனா தொடவில்லை. ஆனால் வேறொரு பன்றிக் கொரோனா அதே பன்றிகளைத் தாக்கியது. ஆக, மரபணு தரும் காப்பு குறிப்பிட்ட வைரஸுக்கு மட்டும் உரியதாக இருக்கலாமே தவிர, ஓர் இனம் முழுவதற்கும் எல்லாக் கழிச்சலிலிருந்தும் விலக்கு அளிப்பதில்லை. இரண்டு கன்றுகள் தப்பியதை வைத்து இனத்தின் குணம் என்று சொல்லவும் முடியாது.

சீம்பால் கொடுத்த முறையை முதலில் பாருங்கள். புலிக்குளம் பசு கன்று முட்டாமல் பால் சுரப்பது அரிது என்பதால், அதன் கன்று பிறந்த உடனேயே தாய்மடியில் குடித்துவிடுகிறது. கலப்பினக் கன்றைப் பிரித்துக் கட்டி, சீம்பாலைக் கறந்து உறவினர் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு (அதன் ருசி அப்படி!). தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே கன்றுக்குச் சேர்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் சேர வேண்டும். அதை உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் குடலிலிருந்து மறைந்துவிடும். எனவே 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் தேவை. அதில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்கச் செய்யுங்கள்.

நோய் அறிகுறி இல்லாத தாய்ப்பசுவும் ஈனும் காலத்தில் சாணத்தில் வைரஸை வெளியேற்றக்கூடும். ஆகவே கன்று ஈனும் இடத்தில் சாணத்தை முற்றிலும் வழித்து, சோப்புக் கரைசலால் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து உலர விடுங்கள். கழியும் கன்றைத் தனியே கட்டுங்கள்; அதற்கு நீர்ச்சத்துக் கரைசல் கொடுங்கள், பாலை அடியோடு நிறுத்த வேண்டாம். இவ்வைரஸ் குடலின் உறிஞ்சும் விரல் முளைகளைச் சிதைப்பதால் செரிக்காத பால் திரிதிரியாக வெளியேறும். ஆன்டிபயாடிக் ஊசி வைரஸைக் கொல்லாது, பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்திருந்தால் மருத்துவர் அதைத் தீர்மானிப்பார். கண் குழிந்து, காது குளிர்ந்து, கன்று எழ மறுத்தால் அன்றே மருத்துவரைக் கொண்டு ரத்தக்குழாய் வழியே நீர்ச்சத்து ஏற்ற வேண்டும்.

அடுத்த ஈற்றில் இரு இனக் கன்றுகளுக்கும் ஒரே அளவு சீம்பாலை ஒரே நேரத்தில் கொடுத்து, தொழுவத்தையும் ஒன்றுபோல் பராமரித்துப் பாருங்கள். அப்போதும் கலப்பினம் மட்டுமே கழிந்தால், காளைத் தேர்வைப் பற்றிப் பேசலாம்.