“எத்தனாவது மாசம்மா?”

கேள்வி: சிசேரியனில் மகள் பிறந்து ஏழு மாதம் ஆகிறது. முன்பு 56 கிலோ, இப்போது 63. எடையைக்கூட விடுங்கள், வயிறு அப்படியே முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து, “எத்தனாவது மாசம்மா?” என்று கேட்டுவிட்டார். “துணி வச்சு வயித்தைக் கட்டச் சொன்னேன், கேட்டியா?” என்கிறார் மாமியார். யூடியூப் பார்த்து மூன்று வாரமாகத் தினமும் 50 க்ரஞ்சஸ் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சி) செய்கிறேன், ஒரு மாற்றமும் இல்லை. தும்மினால் இரண்டு சொட்டு சிறுநீர் வேறு வந்துவிடுகிறது. என்ன செய்ய?
- வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்த க்ரஞ்சஸை நிறுத்துங்கள், இன்றைக்கே. அப்புறம், அந்த அம்மா கொடுத்த சீட்டில் உட்கார்ந்தீர்கள்தானே? கைக்குழந்தைக்காரிக்கு டவுன் பஸ்ஸில் இடம் கிடைப்பதே அபூர்வம்.

உங்கள் வயிற்றில் இருப்பது வெறும் கொழுப்புதான் என்று சொல்லிவிட முடியாது. வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் ஓடுகின்றன, கர்ப்பத்தில் குழந்தைக்கு இடம் விட்டு அவை இரண்டு பக்கமும் விலகும், பலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே நெருங்கிவிடும், சிலருக்கு இடைவெளி அப்படியே நின்றுவிடும். வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள், தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்துங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இறங்கினால், அல்லது நடு வயிறு கூரை முகடு மாதிரி எழும்பினால், விலகல் இருக்கிறது. அந்த நிலையில் க்ரஞ்சஸ் செய்தால் உள்ளழுத்தம் கூடி அந்த முகடுதான் இன்னும் புடைக்கும்.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், துணி கட்டுவது இடுப்புக்கும் தையலுக்கும் ஆதரவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கட்டாததால் வயிறு வந்துவிடவில்லை. பிரசவம் ஆனதும் சுமார் ஒரு கிலோ இருக்கும் கர்ப்பப்பை, யார் கட்டினாலும் கட்டாவிட்டாலும், ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். மூச்சு முட்டக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி, உங்களுக்குத் தும்மும்போது வருகிற அந்தத் தொல்லைதான் அதிகமாகும்.

அதைக் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு வயிற்றைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது. சிசேரியன்தானே என்று கேட்காதீர்கள், ஒன்பது மாதம் பாரம் தாங்கியது அதே தசைதான். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. பால் கொடுக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் பாத்ரூமில் சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது இதைச் செய்து பழகாதீர்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

வயிற்றுக்கு, படுத்தபடி மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே தொப்புளை முதுகுப் பக்கம் உள்ளிழுங்கள். அது கைவந்ததும், அதே மாதிரி மூச்சை விட்டபடி ஒவ்வொரு காலாகக் குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி மடக்குங்கள். கூடவே தினமும் அரை மணி நேரம் நடை. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், அதனால்தான் யூடியூபில் ஓடுவதில்லை.

சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்று இரவில் பட்டினி கிடக்காதீர்கள். பால் கொடுக்கிற உங்களுக்கு இந்த மாதங்களில் வழக்கத்தைவிடச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. அதை முட்டை, பருப்பு, கீரை, மீன் என்று எடுத்துக்கொள்ளுங்கள், பிரசவ லேகியத்தையும் சாதத்தில் குளம்கட்டும் நெய்யையும் ஏழாவது மாதத்தில் தொடர வேண்டியதில்லை. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே போதும், அதற்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

இடைவெளி மூன்று விரலுக்கு மேல் இருந்தாலோ, தொப்புள் பக்கத்தில் முண்டு மாதிரி துருத்தினாலோ (அது குடலிறக்கமாக, அதாவது ஹெர்னியாவாக இருக்கலாம்), மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை, தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொன்னதுமே அந்தத் தசையை இறுக்கிக்கொண்டு தும்முங்கள்.