மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுப் பெருக்கம்: நீலகிரி வாசகர்களுக்குப் பதில்கள்

மரபணு இரட்டிப்பும் மரபணு மாற்றமும் ஒன்றுதானா? (கூடலூர் வாசகர்)

இல்லை. மரபணுவின் எழுத்து ஒன்று மாறினால் அதிலிருந்து உருவாகும் புரதம் வேறாகிறது. மலேரியா ஒட்டுண்ணி வகைகளில் ஒன்றான ஃபால்சிபாரம், குளோரோகுயின் என்னும் மலேரியா மருந்தை எதிர்க்கத் தொடங்கியது முதன்மையாக இவ்வகை மாற்றத்தால்தான். இரட்டிப்பிலோ புரதம் மாறுவதில்லை. மரபணு ஒன்றுக்கு இரண்டாக, சில வேளைகளில் மூன்று நான்காகப் பெருகுவதால் புரதத்தின் அளவு கூடுகிறது. ஐந்தாவது குரோமோசோமில் உள்ள எம்.டி.ஆர்.1 மரபணு இதற்குத் தெளிவான சான்று. ஒட்டுண்ணி தன் உணவைச் செரிக்கும் குமிழியைச் சூழ்ந்த சவ்வில் இருக்கும் அதன் புரதம், மெஃப்ளோகுயின் என்னும் மலேரியா மருந்தை, அது தாக்க வேண்டிய இலக்கிலிருந்து விலக்கிக் குமிழிக்குள் இழுத்துக்கொள்வதாகக் கருதப்படுகிறது. தாய்லாந்தின் எல்லைப் பகுதிகளில் அம்மருந்து தோற்றதற்கு இந்த மரபணு பெருகியதே முக்கியக் காரணம். ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஏ, டி என்னும் இரண்டே எழுத்துகள். ஒரே எழுத்து நீளமாகத் தொடரும் இடங்களில் நகலெடுப்பு எளிதில் பிசகி, மரபணு இரட்டிக்க வழி திறக்கிறது.

எங்கள் ஊர்ச் சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த மலேரியா மருந்தான கொயினாவையும் (குயினைன்) இது பாதிக்குமா? பெருகிய மரபணு அப்படியே நிலைத்துவிடுமா? (நடுவட்டம் வாசகர்)

ஓரளவு பாதிக்கும், எம்.டி.ஆர்.1 பெருகினால் கொயினாவின் வீரியமும் குறைவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன, ஆனால் வேறு மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. பெருக்கம் நிலையானதல்ல என்பதே இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மிகுதியான புரதத்தைச் சுமப்பது ஒட்டுண்ணிக்குச் செலவு என்பதால், மருந்தின் நெருக்குதல் நீங்கினால் கூடுதல் நகல்கள் உள்ளவை பின்தங்கிவிடுகின்றன. கம்போடியாவில் மெஃப்ளோகுயினுக்குப் பதிலாகப் பைப்பராகுயின் கலந்த கூட்டு மருந்து வந்தபோது எம்.டி.ஆர்.1 பெருக்கம் அரிதாகி, ஹீமோகுளோபினைச் செரிக்க உதவும் பிளாஸ்மெப்சின் 2, 3 மரபணுக்கள் பதினான்காவது குரோமோசோமில் பெருகத் தொடங்கின.

சிகிச்சை பெறாதவரின் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவான பிறகும் காய்ச்சல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? (குன்னூர் ஆசிரியை)

பழங்காலத்திலிருந்து பெருகிப் பெருகி ஒன்றுக்கொன்று வேறுபட்டுப் போன ஏறத்தாழ 60 மரபணுக்கள் ஃபால்சிபாரத்தில் உள்ளன; இவற்றுக்கு ‘வார்’ (var) மரபணுக்கள் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒவ்வோர் ஒட்டுண்ணியும் பொதுவாக அவற்றில் ஒன்றை மட்டுமே வெளிப்படுத்துகிறது, மற்றவை, டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் புரதங்களின் மீதுள்ள வேதிக் குறிகளால், உட்கருவின் ஓரத்தில் ஊமையாக்கப்பட்டிருக்கின்றன. வெளிப்படும் புரதம் சிவப்பணுவின் மேற்பரப்பில் நின்று இரத்த நாளச் சுவரைப் பற்றிக்கொள்வதால், நோயுற்ற அணு மண்ணீரலுக்குள் சென்று அழியாமல் தப்புகிறது. அப்புரதத்தை எதிர்க்கும் பொருள்களை உடல் உருவாக்குவதற்குள், ஒட்டுண்ணிகளில் ஒரு சிறு பகுதி வேறொரு வார் மரபணுவுக்கு மாறியிருக்கும். அந்தக் கூட்டம் பெருகும்போது காய்ச்சல் மீண்டும் தொடங்குகிறது.

உடனடிச் சோதனை அட்டையில் ‘இல்லை’ என்று வந்தால் நம்பலாமா? (கோத்தகிரி வாசகர்)

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் பல அட்டைகள் தேடுவது ஃபால்சிபாரம் உருவாக்கும் எச்.ஆர்.பி.2 என்னும் புரதத்தை. அதன் நெருங்கிய உறவான எச்.ஆர்.பி.3 புரதத்தையும் அவை ஓரளவு அடையாளம் காணும். இவ்விரு புரதங்களுக்கான மரபணுக்களையுமே இழந்த ஒட்டுண்ணிகள் பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இருப்பது 2010இல் தெரியவந்தது. அவற்றை இவ்வகை அட்டை காட்டாது. எனவே மலேரியா உள்ள மாநிலங்களிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவருக்கோ, அங்கு சென்று திரும்பியவருக்கோ காய்ச்சல் நீடித்தால், அட்டை என்ன சொன்னாலும், இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். மலேரியா மருந்து எதையும் விழுங்குவதற்கு முன்பே இரத்தம் எடுக்கப்பட வேண்டும்.