கோப்பையும் கடைசி வேனும்

வணக்கம் ஐயா,

நான் திருநெல்வேலியிலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடியேறியவள். மகன் சாட்ஸ்வொர்த்தில் ஓர் அரசுப் பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கிறான். பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் நானும் இருக்கிறேன். சென்ற கூட்டத்தில் ஒருவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மாகாண அணியில் ஆடிய ஒருவரைச் சம்பளத்துக்குப் பயிற்சியாளராக வைப்பது, பக்கத்துப் பள்ளிகளில் நன்றாக ஆடும் பையன்களைக் கட்டணச் சலுகை கொடுத்து அழைத்துக்கொள்வது, இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரிய பள்ளிகளைக் கிரிக்கெட்டில் தோற்கடிப்பது. தென்னாப்பிரிக்க அணிக்கு ஆடிய கேசவ் மகாராஜ், செனுரன் முத்துசாமி என்று பெயர்கள் அடிபட்டன. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது; எதிர்த்துப் பேச வார்த்தை வரவில்லை. நீங்கள் பல ஆண்டுகள் பள்ளி விளையாட்டுகளுக்கு உதவியவர். சாதாரணப் பள்ளி ஒன்றில் விளையாட்டை வளர்க்க என்ன செய்ய வேண்டும்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு உறுத்த வேண்டிய இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது. அந்த நண்பர் சொன்னது ஓர் அணியை விலைக்கு வாங்கும் திட்டம். கையில் பணம் இருந்தால் அதை யாரும் செய்யலாம். பணம் தீர்ந்த அன்று அணியும் கலைந்துவிடும்.

கூட்டத்தில் அடிபட்ட பெயர்களையே எடுத்துக்கொள்வோம். மகாராஜ் படித்தது நார்த்வுட் பள்ளியில். முத்துசாமி படித்தது கிளிஃப்டனில், அது தனியார் பள்ளி. டோங்காட்டுக்காரரான கிரிக்கெட் வீரர் ஹாஷிம் அம்லா, 1866இல் தொடங்கிய டர்பன் ஹை ஸ்கூலில் படித்தார். ஆளை மட்டும் பார்த்துக் கைதட்டுகிறோம். அவர்களுக்குக் கீழே இருந்த புல்தரையை மறந்துவிடுகிறோம். சாட்ஸ்வொர்த்தோ, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் பெயரால் நம்மவர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து மலைச்சரிவில் குடிவைத்த ஊர். பல பள்ளிகளில் மைதானம் என்பது சரிவை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம்தான். அதை வைத்துக்கொண்டு அதே பள்ளிகளை அவர்களுடைய ஆட்டத்திலேயே மூன்று ஆண்டில் வீழ்த்துவோம் என்பது வீரம்தான், ஆனால் கணக்குத் தெரியாத வீரம்.

ஆள் இழுக்கும் யோசனை இன்னும் மோசம். தென்னாப்பிரிக்க ரக்பி அணித் தலைவர் சியா கோலிசி ஸ்விடே குடியிருப்பில் ஏழ்மையில் வளர்ந்தவர். 12 வயதில் உதவித்தொகை கிடைத்து போர்ட் எலிசபெத்தின் கிரே பள்ளிக்குப் போனார். 2019, 2023 உலகக் கோப்பைகளைக் கையில் ஏந்தினார். அவர் போனதில் யாருக்கும் குறையில்லை, எனக்கும் இல்லை. ஆனால் அது ஒரு பையனின் கதை. அவன் விட்டுவிட்டு வந்த பள்ளிக்கு அதனால் ஒரு பந்துகூடக் கிடைப்பதில்லை. நீங்கள் பக்கத்துப் பள்ளியின் வேகப்பந்து வீச்சாளனைக் கொண்டுவந்தால், அவன் நான்கு விக்கெட் எடுத்தவுடன் புதிய கல்வியாண்டு தொடங்கும் அடுத்த ஜனவரியில் உங்களைவிடப் பெரிய பள்ளி அவனைக் கொண்டுபோகும். உங்கள் பள்ளி நடுவில் ஒரு தரகராக நிற்கும். இன்னொன்றும் உண்டு: கட்டணம் கட்ட வசதியில்லாத பெற்றோருக்கு விலக்கு அளிப்பது பள்ளியின் சட்டப்படியான கடமை. அதற்கு மேல் ஆட்டக்காரர்களுக்கும் சலுகை என்றால் பள்ளியின் வருமானம் இன்னும் குறையும். அந்தக் குறையை யார் ஈடுகட்டுவது என்று கேட்டுப் பாருங்கள். கைதட்டல் கொஞ்சம் அடங்கும்.

சரி, என்னதான் செய்வது? பள்ளி விடும் நேரத்தில் ஒருநாள் வாசலில் போய் நில்லுங்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்கள் வரிசையாக நிற்கும். மணி அடித்துச் சிறிது நேரத்தில் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது, அடுத்த பள்ளியில் அவருக்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அந்த வேனில் ஏறும் பிள்ளைக்குப் பயிற்சி கிடையாது. மைதானத்தில் மிஞ்சுவது நடந்து போகும் தூரத்தில் வீடு உள்ளவர்களும், அப்பாவோ அம்மாவோ காரில் வந்து அழைத்துப்போகும் பிள்ளைகளும்தான். தேர்வாளர் வருவதற்கு முன்பே வேன் தேர்வு செய்துவிட்டது! நான் உதவப் போன இடங்களிலெல்லாம் "நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று ஆசிரியர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆர்வமெல்லாம் வேனில் ஏறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே நட்சத்திரப் பயிற்சியாளருக்கு ஒதுக்கப் பார்க்கும் பணத்தில், வாரத்தில் இரண்டு நாள் தாமதமாகக் கிளம்பும் ஒரு வேனை அமர்த்துங்கள். நேரத்தையும் கவனியுங்கள். ஜூன் மாதத்தில் டர்பனில் 5 மணி கடந்தவுடன் சூரியன் மறைந்துவிடும். பள்ளி இரண்டரைக்கு விட்டால், உடை மாற்றி, ஒரு ரொட்டித் துண்டைத் தின்று, மைதானத்துக்கு வர மூன்று மணி. நாலேகாலுக்கு முடித்தால்தான் வெளிச்சத்தில் வீடு சேரலாம். பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த இருட்டுதான். மீதிப் பாதி டியூஷன். அதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

அடுத்து, பள்ளியின் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். 'லைஃப் ஓரியண்டேஷன்' என்ற வாழ்க்கைத் திறன் பாடத்துக்கு உள்ள வாரம் இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் உடற்கல்விக்கு உரியது என்று பாடத்திட்டமே சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். கணக்கு ஆசிரியர் கடன் வாங்கியிருப்பார். திருப்பித் தந்திருக்க மாட்டார். வேன் பிரச்சினை இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் ஓடக்கூடிய ஒரே நேரம் அதுதான்.

எந்த விளையாட்டு என்பதை உங்கள் நிலமே சொல்லும். புல் ஆடுகளம் வேண்டாம். நெட்பால், கால்பந்து, ஓட்டம் என்று மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் வேண்டும் என்று அப்பாக்கள் கேட்பார்கள்; நம் அப்பாக்களுக்கு வேறு விளையாட்டு கண்ணில் படாது. சிமெண்டுத் தரையும் ஒரு வலையும் போட முடிந்த அன்று அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆசிரியரை நம்பிய அணி, அவர் மாற்றலாகிப் போகும் நாளில் செத்துவிடுகிறது. நான் கண்ட பள்ளி அணிகளின் மரணங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

ஒரு நெட்பால் பயிற்சி நினைவில் இருக்கிறது. முந்தைய நாள் மழையில் சுண்ணாம்புக் கோடுகள் கரைந்துபோய், பிள்ளைகள் செருப்பு நுனியால் வட்டம் கீறிக்கொண்டிருந்தார்கள். யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று காட்டும் எழுத்து பொறித்த மேலணிகள் ஏழுதான். ஏழு பேர் அணிந்துகொண்டார்கள். அதைவிட அதிகமான சிறுமிகள் கம்பத்தருகே நின்று, வெளியே உருண்டு வரும் பந்தை எடுத்துப் போட்டார்கள். பயிற்சி முடியும்வரை அவர்களுக்கு அதுதான் வேலை. அடுத்த வாரம் அவர்களில் பாதிப் பேர் வரவில்லை. பழைய துணியில் இன்னும் இரண்டு தொகுதி தைத்து, மைதானத்தை மூன்றாகப் பிரித்து, சின்னச் சின்ன ஆட்டங்களாக ஆடவிட்ட பிறகுதான் கூட்டம் நிலைத்தது. செலவு ஒரு பிரியாணி விற்பனையின் லாபத்தைவிடக் குறைவு. டர்பனில் பிரியாணி விற்காமல் எந்த நல்ல காரியம் நடந்திருக்கிறது?

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. நிறவெறிக் காலத்தில் இந்தியப் பள்ளிகளில் விளையாட்டைத் தாங்கியவர்கள் ஆசிரியர்கள். பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் ஒலிம்பிக் குழுத் தலைவராக 1992இல் பார்சலோனாவுக்கு அணியை அழைத்துச் சென்ற சாம் ராம்சாமியும் டர்பனில் ஆசிரியராக இருந்தவர்தான். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். தேசிய அணியின் கதவு மூடியிருந்தது, மைதானங்கள் மோசம், 1973இல் உருவான, நிறவெறியை எதிர்த்த சாக்கோஸ் விளையாட்டு அமைப்பு 'அசாதாரணச் சமூகத்தில் சாதாரண விளையாட்டு இல்லை' என்று முழங்க வேண்டியிருந்தது. ஆனால் தேசிய அணியின் பச்சைத் தொப்பி கிடைக்காது என்று தெரிந்தும் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போன ஆசிரியர்கள் இருந்தார்கள். கோப்பையைச் சொல்லி அவர்களை யாரும் இழுக்கவில்லை.

உங்கள் ஆண்டறிக்கையில் கோப்பைகளின் புகைப்படத்தோடு இரண்டு எண்களையும் அச்சிடச் சொல்லுங்கள். இந்த ஆண்டு ஏதாவது ஓர் அணியில் ஆடிய பிள்ளைகள் எத்தனை பேர்? 8ஆம் வகுப்பில் ஆடியவர்களில் 10ஆம் வகுப்பிலும் ஆடுகிறவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர்? பயிற்சியாளர் வேண்டுமா என்பதை அந்த எண்களைப் பார்த்துப் பிறகு முடிவு செய்யலாம். வேண்டியும் இருக்கலாம், நல்ல பயிற்சியாளருக்கு நான் எதிரி இல்லை.

கூட்டத்தில் திட்டத்தை எதிர்த்துப் பேச வேண்டாம், தோற்றுவிடுவீர்கள். 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி, வரவுசெலவுத் திட்டம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு பெற்றோர் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே 'விளையாட்டுப் போக்குவரத்து' என்று தனியாக ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். வேன் ஓட்டுநர்கள் இரண்டு பேரிடம் விலை கேட்டு, எழுதி வாங்கிக் கையில் வைத்திருங்கள்.