ஆவுளியாவும் கடற்புல்லும்

அன்புள்ள ஐயா,

ஆவுளியா என்கிற கடற்பசுவும் அது மேயும் கடற்புல்லும் ஒரே கதைதான் என்று சென்ற கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஒன்று குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. இன்னொன்று வெறும் பாசி. தின்பதும் தின்னப்படுவதும் எப்படி ஒரே கதையாகும்?

– ஒரு வாசகி, தேவிபட்டினம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பாசி விஷயம். நம் பக்கத்துப் பெண்கள் கடலில் இறங்கி எடுப்பதுதான் பாசி. அதற்கு வேரும் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல் மண்ணில் வேர்விட்டு, பூத்துக் காய்க்கிற செடி. அதன் முன்னோர்கள் தரையில் இருந்தவை; பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்குள் போயின. ஆவுளியாவின் முன்னோரும் தரையில் நாலு காலில் நடந்து, பிறகு கடலுக்குப் போனவைதான், யானைக்குத் தூரத்துச் சொந்தம். நான் சொன்ன கதை இவ்வளவுதான்.

ஆனால் கடலுக்குப் போன பிறகு இரண்டும் ஒரே மாதிரி மாறவில்லை. ஆவுளியா இன்னும் நுரையீரலால்தான் மூச்சுவிடுகிறது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். அது விரும்பித் தின்னும் ஹாலோஃபிலா போன்ற சின்னப் புற்களோ மகரந்தச் சேர்க்கையைக்கூடத் தண்ணீருக்கு அடியிலேயே முடித்துக்கொள்கின்றன. தாவரம்தான் கெட்டிக்காரர் என்பேன்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆள் இடுப்புயரத்துக்கும் மேலே இலை நீளும் என்ஹாலஸ் என்ற புல், நம் கடலிலும் இருக்கிறது. அதன் ஆண்பூக்கள் காம்பிலிருந்து கழன்று வெள்ளைத் துணுக்குகளாக மேலே மிதந்து வரும். பெண்பூ நீளக் காம்பில் நீர்மட்டத்துக்கு வந்து காத்திருக்கும். கருவுற்றதும் அந்தக் காம்பு சுருள்வில் மாதிரி சுருண்டு காயைக் கீழே இழுத்துக்கொள்ளும். சரி, இதுவும் ஆவுளியா மாதிரி மேலே வரத்தான் வேண்டியிருக்கிறது!

தின்பது பற்றிக் கேட்டீர்கள். ஆவுளியா புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ. போன வழியெல்லாம் மணலில் தடம் விழும். ஓரத்தில் மண்ணுக்கடியில் மிஞ்சிய கிழங்குத்தண்டிலிருந்து புல் திரும்பவும் படர்ந்துவிடும். சாணத்தோடு வெளியேறும் விதைகளும் முளைக்கின்றன.

பிடுங்கிய புல் வளர்ந்துவிடும். வலையில் மாட்டிய ஆவுளியா மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகும். குட்டியும் ஒரு ஈற்றுக்கு ஒன்றுதான், அடுத்ததற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால்தான் மாட்டியதை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத் தொகை கொடுத்திருக்கிறது.